வயதான கண்ணுக்குக் காப்பீடு எங்கே வரும், எங்கே நின்றுவிடும்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்த அன்று காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போனோம். பகல் ஒன்றரை மணிக்குக் கண்ணில் கவசத்தோடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பில் 68,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 36,000. எங்களுடையது 5 லட்ச ரூபாய் பாலிசி, பிரீமியம் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை, அதனால் முழுத் தொகையும் வரும் என்றுதான் நினைத்திருந்தோம். அப்புறம் பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தபோது அவர்கள் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் உச்சவரம்பு, அதில் 10 சதவீதம் நம் பங்கு. இரண்டும் அச்சில் இருந்தன. பாலிசி எடுக்கும்போது அதைச் சுட்டிக்காட்டத்தான் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு உறவிலும் தெருவிலும் பல பெரியவர்களின் பாலிசிகளைப் படித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே அமைப்புதான். நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்பது அடிப்படையில் மருத்துவமனைக் கட்டிலுக்கான காப்பீடு. வயதான கண்ணுக்கு நடக்கும் வைத்தியத்தில் பெரும்பகுதி கட்டிலில் நடப்பதில்லை. மருத்துவருக்கு எதிரே நாற்காலியில், தாடையை ஒரு கருவியின் மேல் வைத்தபடி நடக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-ல் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. குறைந்தது 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அந்தத் தலைமுறைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. கண்புரைக்கு அன்று லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு, நாள்கணக்கில் தலையை அசைக்காமல் படுக்க வைப்பார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கலாம் என்று ஹெரால்ட் ரிட்லி 1949-லேயே லண்டனில் செய்து காட்டியிருந்தார். ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் 1967-ல் உருவாக்கியிருந்தார். ஆனால் இவையெல்லாம் நம் ஊர்ச் சாதாரண மனிதரின் கைக்கு எட்ட வெகுகாலம் ஆனது. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் ஆரோலேப் தொடங்கி லென்ஸை உள்ளூரிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. இன்றைக்குப் புரை அறுவை அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

மருத்துவம் ஓடிவிட்டது, 24 மணி நேர விதி அங்கேயே நின்றது. அதற்காக விதிவிலக்குப் பட்டியல் ஒன்று போட்டார்கள். டயாலிசிஸ், கீமோதெரபி, சிறுநீரகக் கல்லை உடைப்பது, அவற்றோடு கண் அறுவை. இன்று டே-கேர் என்று சொல்லப்படும் பிரிவு இப்படி வந்ததுதான். ஆகவே கண்புரைக்கு ஒரு நாளும் படுக்காமலே பணம் கிடைக்கும். ஆனால் மற்றப் பல அறுவைகளுக்கு இல்லாத கட்டுப்பாடுகள் அதற்கு உண்டு.

முதல் கட்டுப்பாடு காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடையாது. அதற்கு மேல் சில குறிப்பிட்ட நோய்களுக்கென்று தனிக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. குடலிறக்கம், புராஸ்டேட் வீக்கம் போன்றவற்றோடு கண்புரையும் ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் அந்தப் பட்டியலில் இருக்கும். பெரும்பாலும் 24 மாதம். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் அந்த வரி ‘கண்புரையும் வயது தொடர்பான கண் நோய்களும்’ என்ற பொருளில் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியைப் பலர் கவனிப்பதில்லை. புரை மட்டுமல்லாமல், முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவும் அதற்குள் வந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த 24 மாதம், ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பிலிருந்து வேறானது. பாலிசி எடுத்த நாளில் உங்கள் கண் பளிங்குபோல இருந்திருந்தாலும், ஆறு மாதத்தில் புரை வந்தால் 24 மாதக் கணக்குப் பொருந்தும். ஏற்கனவே இருக்கும் நோய், அதாவது பாலிசிக்கு முன்பே வந்துவிட்ட சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு இன்னொரு கணக்கு. அது முன்பு 48 மாதம் வரை போகலாம் என்றிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரல் முதல் இரண்டு வகைக்கும் அதிகபட்சம் 36 மாதம்தான் என்று வைத்துவிட்டது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பாலிசி கொடுக்கும் வகையில் விதி தளர்ந்ததும் அதே மாற்றத்தில்தான். 70 வயதில் முதன்முதலாகப் பாலிசி எடுக்கும் வழி இப்போது இருக்கிறது. பிரீமியம் குறைவாக இருக்காது, ஆனால் கதவு மூடவில்லை.

சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுக்கச் சொல்லும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கண் விஷயத்தில் இது குறிப்பாக ஆபத்தானது. சர்க்கரை இருப்பவருக்குப் புரை சீக்கிரம் வரும், விழித்திரையும் பாதிக்கும். கண் மருத்துவரின் முதல் குறிப்பிலேயே ‘சர்க்கரை, 12 ஆண்டுகளாக’ என்று எழுதியிருப்பார்கள். க்ளெய்ம் பார்ப்பவர் முதலில் படிப்பதும் அந்த வரியைத்தான். ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில் மோசடி நிரூபணமானால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பதும் 2024 விதிதான். முன்பு அது எட்டு ஆண்டு. ஆனால் அந்த ஐந்து ஆண்டுக்குள் மறைத்தது தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம்.

முதல் குறிப்பைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. நம் பெரியவர்கள் மருத்துவரிடம் பேசும் விதம் ஒன்று உண்டு. ‘எப்போதிலிருந்து மங்கலாக இருக்கிறது?’ என்றால் ‘அது ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர்’ என்பார்கள். மருத்துவர் ‘சில ஆண்டுகளாகப் பார்வைக் குறைவு’ என்று எழுதுவார். பாலிசி இரண்டரை ஆண்டுக்கு முன் எடுத்ததாக இருந்தால், அந்த ஒரு வரி ‘பாலிசிக்கு முன்பே இருந்த நோய்’ என்று திரும்பி வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டது எப்போது, புரையின் மங்கல் தொடங்கியது எப்போது என்று இரண்டையும் பிரித்து, உண்மையான காலத்தை யோசித்துச் சொல்லுங்கள். கூடப் போகும் பிள்ளைகள் இதை வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பழைய கண் பரிசோதனைச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. ‘2022-ல் இரு கண்ணும் தெளிவு’ என்று ஒரு சீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அடுத்தது தொகை. கண்புரைக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆரோக்கிய சஞ்சீவனியில் அது பாலிசித் தொகையில் 25 சதவீதம் அல்லது ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஒரு லட்ச ரூபாய் பாலிசி வைத்திருப்பவருக்கு 25,000 தான். அதற்கு மேல் 5 சதவீதம் நோயாளியின் பங்கு. முதியோருக்கென்றே விற்கும் பாலிசிகளில் இந்தக் கோ-பே இன்னும் கூடுதலாக, 20, 30 சதவீதம்கூட இருக்கும். க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகச் சேரும் போனஸ், தீர்ந்த தொகை மறுபடி நிரம்பும் வசதி இவையெல்லாம் மொத்தத் தொகையைத்தான் கூட்டும். கண்புரையின் வரம்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாலிசியை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக ஏற்றினால் புரைக்கும் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

வரம்பு எழுதியிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ‘ஒரு கண்ணுக்கு’ என்றிருந்தால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். ‘ஒரு பாலிசி ஆண்டுக்கு’ என்று மட்டும் இருந்தால் இரண்டு கண்ணும் சேர்த்து அவ்வளவுதான். பொதுவாக ஒரு கண் முடித்துச் சில வாரம் கழித்தே அடுத்த கண்ணைத் தொடுகிறார்கள். ஆண்டு வரம்பு உள்ள பாலிசியாக இருந்து, புதுப்பிக்கும் தேதியும் அருகில் இருந்தால், முதல் கண்ணைத் தேதிக்கு முன்னும் இரண்டாவதைத் தேதிக்குப் பின்னும் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். புரை அவசரமில்லாத நிலையில் இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள்.

லென்ஸ் விஷயத்துக்கு வருவோம், பில் ஏறுவது அங்கேதான். தூரத்துப் பார்வையை மட்டும் சரிசெய்யும் ஒற்றைக் குவிய லென்ஸ், உருளைப் பிழையையும் (கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதுவது) சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ், தூரமும் கிட்டமும் தெரியும் பலகுவிய லென்ஸ் என்று வகைகள். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் முதல் வகைதான் வைத்தியம். மற்றவை வசதி. ‘கண்ணாடியே போட வேண்டாம்’ என்று மருத்துவமனையின் ஆலோசகர் பலகுவிய லென்ஸைக் காட்டும்போது, அந்தக் கூடுதல் தொகை நம் கையிலிருந்துதான் போகும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். என் கருத்தில், வாசிப்பதற்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளச் சம்மதமுள்ள பெரியவருக்கு ஒற்றைக் குவிய லென்ஸ் நிறைவாகவே இருக்கும். விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ ஏற்கனவே பாதிப்பு இருப்பவர்களுக்குப் பலகுவிய லென்ஸ் சரிப்படாது என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காகிதங்களில் ஒன்றை மட்டும் குறிப்பிட்டுச் சொல்கிறேன். உள்ளே வைத்த லென்ஸின் பெட்டியோடு வரும் ஒட்டுச்சீட்டு. அதில் லென்ஸின் பெயரும் வரிசை எண்ணும் சக்தியும் இருக்கும். புரை க்ளெய்மில் அதைக் கேட்காத நிறுவனமே இல்லை என்று சொல்லலாம். மருத்துவமனைக் கோப்பில் ஒன்று ஒட்டுவார்கள், உங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய 30 நாளில் செய்த கண் அளவீடு, ரத்தப் பரிசோதனை, பிந்தைய 60 நாளின் சொட்டு மருந்து இவற்றையும் பல பாலிசிகளில் கோரலாம். நாட்கள் பாலிசிக்குப் பாலிசி மாறும். அம்மாவுக்கு அந்தச் சீட்டுகளை நாங்கள் சேர்த்து வைக்கவில்லை, அதனால் கேட்கவும் முடியவில்லை. கேட்டிருந்தாலும் 40,000 வரம்புக்குள்தானே வரும் என்பார்கள். சில பாலிசிகளில் அப்படி, சிலவற்றில் வரம்பு அறுவைச் செலவுக்கு மட்டும்.

புரையைவிட எனக்குக் கவலை தரும் இடம் விழித்திரை. நீண்டநாள் சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும். நடுப்பகுதி நீர்கோத்து வீங்கினால் முகங்கள் தெரியாது, எழுத்துகள் வளையும். முதுமைச் சிதைவின் ஈர வகையிலும் இப்படிக் கசிவுதான். இதற்கு இன்று முதன்மையான வைத்தியம் கண்ணுக்குள் நேரடியாகப் போடும் ஊசி. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கிருமி நீக்கிய அறையில் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒன்று என்று சில மாதங்கள், அப்புறம் கண் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இடைவெளி விட்டு ஆண்டுக்கணக்கில் போகலாம். மருந்தைப் பொறுத்து ஒரு ஊசியின் விலையும் பல மடங்கு வேறுபடும்.

கட்டில் கணக்கு இங்கே முழுதாகத் தோற்கிறது. படுக்கை இல்லை, கத்தி இல்லை, ஊசி போட்ட அரை மணியில் வீடு. நீண்ட காலம் நிறுவனங்கள் இதை ‘புறநோயாளி ஊசி’ என்று தள்ளிக்கொண்டிருந்தன. 2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விலக்குகளை ஒழுங்குபடுத்தியபோது, எந்தப் பாலிசியும் ஒதுக்கித் தள்ளக்கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. ரோபோ அறுவை, வாய்வழிக் கீமோதெரபி இவற்றோடு கண்ணுக்குள் போடும் ஊசியும் அதில் இருக்கிறது. உங்கள் பாலிசியில் ‘நவீன சிகிச்சைகள்’ என்ற தலைப்பைத் தேடினால் தென்படும். வரம்பு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆரோக்கிய சஞ்சீவனியில் பாலிசித் தொகையில் 50 சதவீதம் வரை. வேறு சில பாலிசிகளில் இன்னும் குறைவாக இருக்கும்.

பட்டியலில் இருந்தும் க்ளெய்ம் நிராகரிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் மருத்துவமனை பில் போட்ட விதம். அதே ஊசி, அதே அறை, ஆனால் ஓ.பி. பில்லாகக் கொடுத்துவிட்டால் நிறுவனத்துக்கு வேலை சுலபம். டே-கேராகச் சேர்த்து, டிஸ்சார்ஜ் சுருக்கமும் அறுவை அரங்கக் குறிப்பும் கொடுத்தால் அதுவே வேறு கதை. இது ஏமாற்று வேலையே இல்லை, உண்மையிலேயே அரங்கில் நடக்கும் சிகிச்சைதான். அதனால் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ‘இதை எப்படிப் பில் போடுவீர்கள், முன் அனுமதி கேட்பீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். புற்றுநோய்க்கென்று அனுமதி பெற்று, மிகச் சிறு அளவில் கண்ணுக்கும் உலகமெங்கும் பயன்படும் பெவாசிசுமாப் என்ற மலிவான மருந்து உண்டு. அதைப் போட்டால் ‘அங்கீகரிக்கப்படாத பயன்பாடு’ என்ற ஆட்சேபம் வரலாம். எதற்காக அந்த மருந்து என்று மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டால் உதவும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காத்திருப்புக் காலம் முடியட்டும் என்று கண்ணைத் தள்ளிப்போடுவது புரைக்குப் பெரும்பாலும் பரவாயில்லை. முற்றிப்போகாமல் மருத்துவர் கவனித்துக்கொண்டிருந்தால், ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் பார்வை திரும்பும். விழித்திரைக் கசிவுக்கும் கண் அழுத்த நோய்க்கும் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே போன பார்வை பெரும்பாலும் திரும்பி வராது. க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் வலிக்காமல் ஓரப்பார்வையைத் தின்றுகொண்டே வரும், அழிந்த நரம்பு மறுபடி முளைக்காது. பாலிசிக்காக நான்கு மாதம் காத்திருந்து விழித்திரை ஊசியைத் தள்ளிப்போட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பணம் வந்தது. அந்தக் கண்ணில் எழுத்து வரவில்லை. எந்த நோய் காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். காப்பீட்டுத் தேதியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

அந்தக் கண் அழுத்த நோயின் வைத்தியம் வாழ்நாள் முழுக்கத் தினமும் விடும் சொட்டு மருந்து. வடிகால் அறுவை செய்தால் பாலிசி பார்க்கும், சொட்டு மருந்தைப் பார்க்காது. பார்வைப் புலப் பரிசோதனையையும் பார்க்காது. நோயை அறுவை வரை போகாமல் தடுப்பது சொட்டு மருந்துதான் என்றாலும் நிலைமை இது. இதற்கு ஓ.பி. வசதி சேர்த்த பாலிசிதான் வழி. ஆனால் அந்த வசதிக்குக் கூடுதலாகக் கட்டும் பிரீமியமும் ஆண்டுக்கு அது தரும் வரம்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பதே மேல். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மூக்குக் கண்ணாடி, அதன் பரிசோதனை, கான்டாக்ட் லென்ஸ் எல்லாம் சாதாரணப் பாலிசியில் கிடையாது. பார்வைப் பிழையைத் திருத்தும் சிகிச்சைக்கும் கண்ணாடியின் பவர் 7.5 டயாப்டருக்குக் குறைவாக இருந்தால் பணம் இல்லை என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்கு. புரை எடுத்துச் சில மாதமோ சில ஆண்டோ கழித்து லென்ஸின் பின்னுள்ள சவ்வு மங்கினால் யாக் லேசர் செய்வார்கள். ஐந்து நிமிட வேலை, ஓ.பி.யில் நடக்கும், பெரும்பாலும் நம் கைப்பணம்தான்.

சரி, தனியார் பாலிசி இல்லாதவர்கள்? பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-லிருந்து நடக்கிறது. அதே ஆண்டு மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். அரசு மருத்துவமனைகளிலும், மாவட்டந்தோறும் நடக்கும் முகாம்கள் வழியாகத் தொண்டு மருத்துவமனைகளிலும் லென்ஸோடு இலவசமாகப் புரை எடுக்கிறார்கள். இதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, வருமானச் சான்று கேட்டு அலைய விடுவதும் பொதுவாக இல்லை. முகாம் அறுவை என்றால் தரம் குறைவு என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உலகம் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகும் வேலை அது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும், வருமானம் எவ்வளவானாலும், 5 லட்சம் வரை என்று ஆக்கினார்கள். வயதுக்கு ஆதார் போதும். தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். முன்பே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் இதுவும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் டே-கேருக்கும்தான், சொட்டு மருந்துக்கு அல்ல. எந்தக் கண் சிகிச்சை எந்த மருத்துவமனையில் இத்திட்டங்களில் நடக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், அட்டையைக் காட்டி மருத்துவமனையின் மேசையில் முதலிலேயே கேட்பது நல்லது.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு இருந்தவர்கள் பலர் ஓய்வோடு அதை மறந்துவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ. செலுத்தி, ஓய்வு வயதில் வெளியே வந்தவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். அதில் வெளிநோயாளிச் சிகிச்சையும் அடக்கம். ஆலையிலோ கடையிலோ வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் கண் சொட்டு மருந்துக்கு மாதாமாதம் கடையில் பணம் கொடுப்பதைப் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

பிள்ளைகளின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடிந்தால், அதுதான் புரைக்கு மிகச் சுலபமான வழி. பெரும்பாலான குழுப் பாலிசிகளில் காத்திருப்பு இல்லை. கண்ணுக்கு வரம்பு இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வேலை மாறினால் அந்தப் பாதுகாப்பு அன்றே போய்விடும், அதனால் பெற்றோர் பெயரில் தனிப் பாலிசி ஒன்றும் ஓடிக்கொண்டிருப்பது நல்லது. கண்புரை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாற விரும்பினால், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாகவே போர்ட் செய்ய, அதாவது பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்ற, விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாலிசியில் கழிந்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து நீங்கிவிட்டது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் அதே ஆண்டு ஜனவரியில் உத்தரவு வந்தது.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், பாலிசியின் எந்த விதியின்படி என்று எண்ணோடு. 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, மறுப்பு என்பது நிறுவனத்தின் க்ளெய்ம் ஆய்வுக் குழு ஒப்புக்கொண்ட பிறகே வர வேண்டும். நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்பதும் அதில்தான். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் இடது கண்ணுக்கு நாங்கள் 20 நாள் முன்பே தயாரானோம். ஒற்றைக் குவிய லென்ஸ்தான் என்று பேசி, மருத்துவமனையிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, நிறுவனத்துக்கு அனுப்பி முன் அனுமதி கேட்டோம். பதிலில் தொகை தெளிவாக இருந்தது, அதே 36,000. பில் 44,000. மீதி 8,000 ரூபாயை அம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து, எண்ணி, உறையில் போட்டு வைத்திருந்தார். ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கியதும் அவர்தான்.